சோறு சாப்பிட்ட ஜெர்மன் பாதிரியார்

குடவாசலில் ஒரு கல்யாணப் பந்தி. வாழை இலையில் உருளைக்கிழங்குப் பொடிமாஸ் விழுகிறது. பக்கத்தில் தேங்காய்த் துருவல் தூவிய முட்டைக்கோஸ் கறி. யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை.

ஆனால் அதே வீட்டில் திவசம் என்றால் இந்த இரண்டும் சமையல் கட்டுக்குள் நுழைய முடியாது! வாழைக்காய் உண்டு. புடலங்காய் உண்டு. பாகற்காயும் சேப்பங்கிழங்கும் உண்டு. உருளையும் கோசும் சீமைக் காய்கள். முன்னோர்களுக்கு அவை பழக்கம் இல்லை.

ஜெர்மனி தேசத்தில் கதை நேர்மாறு. அங்கே குடியானவன் வீட்டுச் சாப்பாடே கோசும் உருளைக்கிழங்கும்தான். கூடவே, உப்பில் ஊறவைத்துப் புகை காட்டிய பன்றி இறைச்சி.

அந்த நாட்டிலிருந்து ஒருவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஏறத்தாழ 48 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. சோறும் காய்கறியும் சாப்பிட்டார். தஞ்சைக் கோட்டை பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, 80 ஆயிரம் கலம் தானியத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தார். ராஜாவையும் நம்பாத, வெள்ளைக்காரக் கம்பெனியையும் நம்பாத குடியானவர்கள் அவர் ஒருவருடைய வார்த்தையை நம்பி மாடு பூட்டினார்கள்.

அவர்தான் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ். தஞ்சைக்காரர்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றே சொல்லி வந்தார்கள்.

தாய் முகம் அறியாதவர்

சுவார்ட்ஸ் பிறந்தது 1726-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஊர், பிரஷ்யா ராஜ்யத்தில் இருந்த சோனன்பர்க். சின்ன ஊர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு எல்லைக்கோடு மாறியதில் அந்த ஊர் போலந்து நாட்டுக்குப் போய்விட்டது. சுவோன்ஸ்க் என்று பெயரும் மாறிவிட்டது.

கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார். இந்தப் பிள்ளையைக் கடவுள் ஊழியத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று சாகும் தறுவாயில் கணவரிடம் அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். தகப்பனார் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

சோனன்பர்க்கில் படித்த பிறகு பக்கத்தில் உள்ள கியூஸ்ட்ரின் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அது ஒரு கோட்டை நகரம். பிரஷ்ய ராஜா முதலாம் பிரடெரிக் வில்லியம் தன் சொந்த மகனையே 1730-ல் அந்தக் கோட்டையில் சிறை வைத்திருந்தார். அப்படிச் சிறையில் கிடந்த இளவரசர்தான் பின்னாளில் மகா பிரடெரிக் என்று பெயர் பெற்ற ராஜா.

குடவாசல்காரர்களுக்கு இந்தச் செய்தி புதிதாகத் தோன்றாது. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறை கிடந்தது குடவாயில் கோட்டத்தில்தான் என்று புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலாளி அலட்சியமாகத் தாமதித்துக் கொடுத்தான். வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் உயிரை விட்டான் சேரன். பிரஷ்ய இளவரசர் அவ்வளவு தூரம் போகவில்லை. தகப்பனாரிடம் பணிந்து வெளியே வந்தார். ராஜாவான பிறகு அவர் செய்த காரியங்களில் ஒன்று, ஜெர்மன் சாப்பாட்டையே மாற்றியது. அதைப் பிறகு பார்ப்போம்.

கோசைப் புளிக்க வைக்கும் விதம்

சுவார்ட்ஸ் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தச் சீமையில் ஏழை எளியவர் சாப்பாடு என்ன? கறுப்பு ரை ரொட்டி. பார்லிக் கஞ்சி. பட்டாணி. ஆறு மாதக் குளிருக்குச் சேமித்து வைத்த புளித்த கோஸ். 'சவர்கிராவுட்' என்பார்கள். வசதி உள்ள வீட்டில் பன்றி இறைச்சி.

இந்தச் சவர்கிராவுட் செய்வது கஷ்டமே இல்லை. நம் வீட்டில் மாவடு போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முற்றிய கோஸை நூல் நூலாக அரிகிறார்கள். கிலோவுக்கு இருபது, இருபத்தைந்து கிராம் உப்புப் போட்டுக் கையால் பிசைகிறார்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடுவதில்லை. உப்புப் பட்டதும் கோசே தண்ணீர் விடும். அதை மரப்பீப்பாயில் அல்லது ஜாடியில் காற்றுப் புகாமல் அமுக்கி, மேலே பலகை வைத்துக் கல்லைத் தூக்கி வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான். நாலு வாரம், ஆறு வாரம் கழித்து எடுத்தால் நல்ல புளிப்பு ஏறியிருக்கும். புளியும் இல்லை, காடியும் இல்லை. கோஸ் தானாகவே புளிக்கிறது.

புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. அதில் முதலில் வேலையை ஆரம்பிக்கும் கிருமிக்கு லியூக்கோனாஸ்டாக் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே கிருமிதான்! ஜெர்மன் பீப்பாயும் தஞ்சாவூர் மாவுப் பானையும் இந்த வகையில் உறவு.

சமைப்பதும் எளிது. கொழுப்புள்ள பன்றி இறைச்சியைத் துண்டு போட்டு இரும்புச் சட்டியில் உருக்குவார்கள். எண்ணெய் தனியே வேண்டாம். அந்தக் கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, பிழிந்த கோஸைப் போட்டு, கொஞ்சம் சீமைச் சோம்பு தூவி, தண்ணீர் தெளித்து மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் மெதுவான நெருப்பில் கிடக்கும். பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு. வெளியில் பனி கொட்டும்போது உடம்புக்குச் சூடு தரும் சாப்பாடு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயம். சுவார்ட்ஸ் சிறுவனாக இருந்தபோது உருளைக்கிழங்கு அங்கே இன்னும் பரவவில்லை. குடியானவர்கள் அதைத் தொடத் தயங்கினார்கள். மகா பிரடெரிக் 1756-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி உத்தரவு போட்டுத்தான் அதை ஊர் ஊராகப் பயிரிட வைத்தார். பாட்ஸ்டாம் நகரில் உள்ள அவர் சமாதி மேல் இன்றைக்கும் ஜனங்கள் பூவோடு உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த உத்தரவு வந்தபோது சுவார்ட்ஸ் தரங்கம்பாடிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஜெர்மன்காரர்களின் பேர்போன கிழங்கை அவர் அங்கேயும் அதிகம் பார்க்கவில்லை, இங்கேயும் பார்க்கவில்லை.

ஜெர்மனியில் கற்ற தமிழ்

1746-ல் ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் சேர்ந்தார். தரங்கம்பாடியில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியிருந்த சூல்ட்சே பாதிரியார் அங்கே தமிழ் பைபிளை அச்சடிக்க முயன்றுகொண்டிருந்தார். அவருக்கு உதவியாகச் சுவார்ட்ஸ் தமிழ் படிக்க ஆரம்பித்தார். அச்சு வேலை நின்றுபோயிற்று. ஆனால் படித்த தமிழ் நின்றுவிட்டது.

1749-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்றார். 1750 தொடக்கத்தில் லண்டனில் கப்பல் ஏறினார். ஜூலை மாதம் கடலூரில் இறங்கி, அந்த மாதக் கடைசியில் தரங்கம்பாடி சேர்ந்தார்.

அந்தக் காலத்துக் கப்பல் பிரயாணம் என்றால் பல்லை உடைக்கும் பிஸ்கோத்தும் உப்புக்கண்டமும்தான். பச்சைக் காய்கறி கிடையாது. ஈறு அழுகி, பல் ஆடி, மாலுமிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். இதற்கு மருந்தாக ஜெர்மன்காரரின் புளித்த கோஸைக் கப்பலில் ஏற்றியவர் காப்டன் குக். 1768-ல் அவர் புறப்பட்டபோது 7,860 ராத்தல் கோஸ் கப்பலில் இருந்தது. மாலுமிகள் முதலில் தொட மாட்டோம் என்றார்கள். குக் தந்திரக்காரர். அதிகாரிகளின் மேஜையில் மட்டும் தினமும் பரிமாறச் சொல்லி, மாலுமிகள் இஷ்டப்பட்டால் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார். துரைமார் சாப்பிடுகிறார்கள் என்றதும், ஒரு வாரத்துக்குள் மாலுமிகள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்களாம்! சுவார்ட்ஸ் பிரயாணம் செய்தது அதற்கும் 18 வருஷம் முந்தி.

தரங்கம்பாடி அப்போது டென்மார்க் ராஜாவின் ஊர். 1706-ல் அங்கே வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தமிழில் புத்தகம் அச்சடித்துக் காட்டிவிட்டு, 1719-ல் தம் 36-வது வயதில் அங்கேயே இறந்திருந்தார். சுவார்ட்ஸ் வந்து நாலு மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். போகப் போக மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீஸ் எல்லாம் பேசக் கற்றுக்கொண்டார்.

நிமிர்ந்து நிற்க முடியாத வீடு

1762 முதல் திருச்சிராப்பள்ளியில் வேலை. கோட்டைத் தளபதி அவருக்கு ஒரு பழைய கட்டடத்தில் அறை கொடுத்தார். ஒரு கட்டிலும் அவரும் இருக்க மட்டும் இடம். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். வருஷ வரும்படி 48 பவுன். உடுப்புக்கு, கறுப்புச் சாயம் போட்ட சாதாரண நூல் துணி. வருஷத்துக்கு ஒரு துண்டு வாங்கினால் போதும்.

சாப்பாடு, இந்த ஊர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். அந்தத் தட்டின் முன்னால் அவர் முகம் கோணாமல், சந்தோஷமாக உட்காருவார் என்று அக்காலத்தில் அவரை நேரில் கண்ட வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்.

பக்கத்திலேயே கம்பெனிப் பட்டாளம் இருந்தது. பட்டாளத்து அதிகாரிகள் வீட்டில் மாட்டு இறைச்சியும் பன்றி இறைச்சியும் சாராயமும் தாராளம். அவர் விரும்பியிருந்தால் அந்த மேஜையில் தினமும் உட்கார்ந்திருக்கலாம். நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள்.

அவர் ஏன் சோற்றுக்கு மாறினார்? ஏழ்மை ஒரு காரணம். அது மட்டும் அல்ல என்பது நம் அபிப்பிராயம். அவர் வாசலுக்கு யார் யார் வந்தார்கள்? வேளாளப் பிள்ளைகள் வந்தார்கள். பிராமணர்கள் வாதம் செய்ய வந்தார்கள். நவாபின் முஸ்லிம் அதிகாரிகள் வந்தார்கள். மராத்திய சர்தார்கள் வந்தார்கள். சட்டியில் பன்றிக் கொழுப்பு பொரிகிற வீட்டின் திண்ணையில் இவர்களில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்?

ராஜா கொடுத்த தித்திப்பு

1769-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தஞ்சை ராஜா துளஜாஜி அவரை அரண்மனைக்கு அழைத்தார். முதலில் பாரசீகத்தில் பேச்சு. இடையில் துபாஷி. வந்தவருக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் ராஜா நேராகத் தமிழிலேயே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பேச்சுக்கு நடுவே தட்டில் தித்திப்புப் பலகாரம் வந்தது. சுவார்ட்ஸ் உடனே எடுத்து வாயில் போடவில்லை. சாப்பிடும் முன் கடவுளுக்கு நன்றி சொல்வதும், கொடுத்தவருக்காக வேண்டிக்கொள்வதும் தங்கள் வழக்கம் என்று விளக்கினார். இங்கேயே செய்து காட்டும்படி ராஜா சொன்னார். தஞ்சை மராத்திய ராஜாவின் சபையில் ஒரு ஜெர்மன்காரர் தமிழில் பிரார்த்தனை செய்துவிட்டுப் பலகாரம் சாப்பிட்டார்.

அன்று பிறந்த சிநேகம் ராஜா சாகும்வரை அறவில்லை. இடையில் துளஜாஜிக்குப் பெரிய கஷ்டம் வந்தது. ஆர்க்காட்டு நவாபும் கம்பெனியும் சேர்ந்து 1773-ல் தஞ்சையைப் பிடித்தார்கள். மூன்று வருஷம் நவாப் ஆட்சி. 1776-ல்தான் ராஜாவுக்கு நாடு திரும்பக் கிடைத்தது. 1778 முதல் சுவார்ட்ஸ் தஞ்சையிலேயே தங்கினார்.

ஹைதர் கொடுத்த பணம்

1779-ல் சென்னைக் கவர்னர் ரம்போல்டு அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பினார். ஹைதர் அலியின் எண்ணம் என்ன என்று அறிந்து, சமாதானம் பேசி வரவேண்டும். சுவார்ட்ஸ் போனார். ஹைதர் மரியாதையாக நடத்தினார். வழிச் செலவுக்கு 300 ரூபாய்ப் பை ஒன்றையும் கொடுத்தார்.

அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ள அவருக்கு மனம் இல்லை. சென்னையில் கொண்டுபோய்க் கொடுத்தார். சர்க்கார் வாங்க மறுத்தது. அந்தப் பணத்தைத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மூலதனமாகப் போட்டுவிட்டார்.

சமாதானம் நிலைக்கவில்லை. அடுத்த வருஷமே, 1780-ல், ஹைதரின் பெரும் படை மலையை விட்டு இறங்கியது. ஆனாலும் அந்தப் பாதிரியாரை மட்டும் எங்கும் தடுக்காமல் விடவேண்டும் என்று ஹைதர் தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். இரண்டு பட்டாளங்களின் நடுவே அவர் பல்லக்கு தடையில்லாமல் போய் வந்தது.

தெருவில் விழுந்த சிப்பாய்கள்

இனிமேல் வருவதுதான் தஞ்சாவூர்க்காரர்கள் மறக்கக்கூடாத கட்டம்.

1781-ல் ஹைதர் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்தது. கிராமங்கள் எரிந்தன. ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நடவு இல்லை, அறுவடை இல்லை. காவேரி பாய்கிற பூமியில் பஞ்சம்! ஹைதர் கலாபம் என்ற பேச்சு இந்தப் பக்கத்துக் கிழவர் கிழவிகள் வாயில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது.

கஷ்டம் வரும் என்று சுவார்ட்ஸ் முன்பே கணக்குப் போட்டிருந்தார். விலை மலிவாக இருந்தபோதே அரிசி வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். 12 ஆயிரம் புஷல் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பஞ்சம் வந்ததும் அந்த அரிசியிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கான ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டார். யார் எந்த மதம் என்று கேட்கவில்லை.

ஆனால் கோட்டைக்குள் நிலைமை வேறு. அங்கே ராஜாவும் இருந்தார், கம்பெனிப் பட்டாளமும் இருந்தது, அடைக்கலம் புகுந்த ஜனங்களும் இருந்தார்கள். தானியம் இல்லை. ராத்திரி காவல் நின்ற சிப்பாய் காலையில் தெருவில் பிணமாகக் கிடப்பான்.

வெளியே கிராமங்களில் தானியம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. பத்தாயத்திலும் குதிரிலும் கொஞ்சம் கொஞ்சம் பதுங்கிக் கிடந்தது. ஆனால் கொண்டுவந்து சேர்க்க மாடு கொடுக்க ஒருவரும் இல்லை. ஏன்? முன்னே மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை. நெல் கொடுத்தவர்களுக்கு விலை கிடைக்கவில்லை. அரண்மனை அதிகாரிகள் ஏமாற்றியிருந்தார்கள். கம்பெனிக்காரர்களும் ஏமாற்றியிருந்தார்கள். குடியானவன் ஒரு தரம் ஏமாறுவான், இரண்டு தரம் ஏமாறுவான். மூன்றாவது தரம் மாட்டை அவிழ்த்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுவான்.

அப்போது துளஜாஜி ராஜா ஒரு வெட்கக்கேடான உண்மையை வாய்விட்டுச் சொன்னார். தமக்கும் கம்பெனிக்கும் ஜனங்களிடம் நாணயம் போய்விட்டது, சுவார்ட்ஸ் பாதிரியாரையாவது நம்புவார்களா என்று பார்க்கலாம் என்றார். எதுவும் எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள். என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் அவரே எழுதிக்கொள்ளலாம்.

சுவார்ட்ஸ் நாலாபுறமும் கடிதம் அனுப்பினார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாக வாக்களித்தார். எதிரி பிடித்துக்கொண்டு போகும் மாட்டுக்கும் விலை தருவதாகச் சொன்னார்.

இரண்டே நாள்! ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து நின்றன.

அவருடைய உபதேசியார்களும் சபை ஆட்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரியின் குதிரைப்படை சுற்றும் கிராமங்களுக்குள் போனார்கள். கொஞ்ச நாளில் 80 ஆயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது.

80 ஆயிரம் கலம் என்றால் எவ்வளவு? குடவாசல் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை. ஆக, 40 ஆயிரம் மூட்டை. ஒரு பொதிமாடு ஒரு நடைக்கு ஒரு மூட்டை சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மாடுகளும் ஆளுக்கு நாற்பது நடை நடந்திருக்க வேண்டும். அதுவும் யுத்தம் நடக்கிற பூமியில்.

எல்லாம் முடிந்ததும் சுவார்ட்ஸ் உட்கார்ந்து கூலி கொடுத்தார். கைப்பணம் போதவில்லை. பிறர் நம்பி ஒப்படைத்திருந்த பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்தார். பிறர் பணத்தைத் தொடுவது நியாயமா என்று கணக்குப்பிள்ளைகள் கேட்கலாம். ஆனால் அன்றைக்கு ஒரு மாட்டுக்காரன் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அடுத்த தடவை ஒரு மாடுகூட வந்திராது. ஒவ்வொருவருக்கும் சின்ன வெகுமதியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அது வீண் போகவில்லை. 1782 பிப்ரவரியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை முழுவதையும் ஹைதரின் மகன் திப்பு தஞ்சைச் சீமையிலேயே மடக்கிச் சிறைபிடித்தார். கோட்டை மறுபடியும் ஆபத்தில் மாட்டிக்கொண்டது. மறுபடியும் தானியத் தட்டுப்பாடு. சுவார்ட்ஸ் மறுபடியும் ஆள் அனுப்பினார். முதல் அழைப்பிலேயே ஜனங்கள் மாட்டோடு வந்தார்கள்.

அந்தத் தானியத்தில் பெரும்பங்கு கம்பெனிப் பட்டாளத்துக்கும் போயிற்று என்பதை மறைக்க வேண்டாம். தஞ்சைக் கோட்டை பிழைத்ததில் லாபம் அடைந்தவர்களில் வெள்ளைக்காரரும் உண்டு. 1799-ல் அதே கம்பெனிதான் தஞ்சை ராஜ்யத்தின் ஆட்சியை வாங்கிக்கொண்டு ராஜாவுக்குக் கோட்டையை மட்டும் மிச்சம் வைத்தது. சுவார்ட்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஆவணியில் திரும்பிய உழவர்கள்

யுத்தம் ஓய்ந்த பிறகும் குடியானவனுக்கு விடிவு வரவில்லை. ராஜாவின் அதிகாரிகள் வரி என்ற பேரில் கசக்கிப் பிழிந்தார்கள். உழவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடினார்கள். நல்ல நஞ்சை நிலம் தரிசாகக் கிடந்தது. திரும்பி வாருங்கள் என்று ராஜா சொல்லியனுப்பினார். யாரும் வரவில்லை.

மறுபடியும் சுவார்ட்ஸ்தான். இனிமேல் அநியாயம் நடக்காது என்று அவர் உறுதி சொன்ன பிறகு, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். வேலையை ஆரம்பிக்க வேண்டிய ஆனி மாதம் தாண்டிவிட்டது. செப்டம்பரில்தான் ஏரைப் பூட்டினார்கள். அவரிடம் பட்ட கடனைத் தீர்க்க இரவு பகலாக உழைப்பதாகச் சொல்லி இறங்கினார்கள். அந்த வருஷ அறுவடை முந்தின வருஷத்தை மிஞ்சியது! ஆவணிக் கடைசியில் சம்பா நட்டுப் பழகிய டெல்டாக்காரர்களுக்கு இது எவ்வளவு அவசரப் பாடு என்று தெரியும்.

ஒரு கிண்ணம் டீ

வயதான காலத்தில் சுவார்ட்ஸ் என்ன சாப்பிட்டார் என்பதற்குக் கூட இருந்தவர்கள் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். காலையில் திறந்த ஜாடியில் டீ இலையைப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். அதில் ரொட்டியைத் துண்டு போட்டு ஊறவைத்துச் சாப்பிடுவார். அதிலும் பாதி தான் அவருக்கு. மீதிப் பாதி உடன் ஊழியம் செய்த கோல்ஹாப் பாதிரியாருக்கு.

மத்தியானம் கொஞ்சம் சூப்பும் கறிச்சோறும், இந்த நாட்டார் சாப்பிடுகிற மாதிரியே. ராத்திரி கஞ்சி. திராட்சை ரசம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஒரு கிளாஸ். சிநேகிதர்கள் பெட்டி பெட்டியாக அனுப்பும் புட்டிகள் நோயாளிகளுக்குப் போய்விடும்.

கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் வீடு நிறையப் பிள்ளைகள். பாளையங்கோட்டையிலிருந்து 1785-ல் அவர் அழைத்து வந்த பன்னிரண்டு வயதுப் பையன்தான் பின்னாளில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் என்று புகழ்பெற்ற கவிராயர். தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஏற்பட அவர் காரணமாக இருந்தார். ராமநாதபுரத்தில் அவர் பெயரால் பள்ளிக்கூடம் இருக்கிறது.

வளர்ப்புப் பிள்ளை சரபோஜி

துளஜாஜிக்குச் சொந்தப் பிள்ளைகள் தங்கவில்லை. 1787-ல் சாகுமுன் பத்து வயதுச் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். பிள்ளையைச் சுவார்ட்ஸ் கையில் ஒப்படைக்க விரும்பினார். ராஜாவின் தம்பி அமர்சிங் அரசர் ஆனார். சிறுவன் சரபோஜியை இருட்டறையில் அடைத்து வைத்துப் படிப்பும் இல்லாமல் செய்தார்கள். சுவார்ட்ஸ் விடாமல் சென்னைக்கு எழுதினார். 1793-ல் சரபோஜி சென்னைக்குப் போய்ப் படித்தார். சரஸ்வதி மகால் நூல் நிலையத்தை உலகம் அறியச் செய்த ராஜா அவர்தான்.

சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798 ஜூன் மாதம். நாலு மாதம் முந்தி, பிப்ரவரி 13-ந் தேதி, 71 வயதில் சுவார்ட்ஸ் தஞ்சையில் இறந்துவிட்டார்.

அரண்மனைச் சமையல் முறைகளைத் தொகுத்த சரபேந்திர பாகசாஸ்திரம் என்ற நூலும் சரபோஜி பெயரால் இருக்கிறது. உருளைக்கிழங்கு? நீலகிரியில் 1820-களில் சல்லிவன் துரை காலத்தில் அது பயிராகத் தொடங்கிய பிறகுதான் சமவெளிச் சந்தைகளுக்குத் தாராளமாக இறங்கி வந்தது. கோசும் அதே மலையிலிருந்து அதே வண்டியில் வந்தது. இன்றும் குடவாசல் கடைத்தெருவில் மூட்டை பிரிக்கும் உருளைக்கிழங்கில் ஊட்டிக் கிழங்குக்குத் தனி விலை.

சுவார்ட்சுக்குக் கம்பெனியார் சென்னைக் கோட்டையில் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் சலவைக்கல் சின்னம் வைத்தார்கள். அதைச் செதுக்கிய சிற்பியின் பெயர் ஜான் பேக்கன். பேக்கன் என்றால் இங்கிலீஷில் புகை காட்டிய பன்றி இறைச்சி! ஊரில் விட்டுவந்த பதார்த்தம் கடைசியில் இந்த ரூபத்தில் அவரைத் தேடி வந்தது.

சரபோஜி ராஜா தம் செலவில் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் வேறொரு சிற்பம் செய்வித்தார். தஞ்சைக் கோட்டைக்குள், சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டி, சுவார்ட்ஸ் 1779-ல் கட்டிய தேவாலயத்தில் அது இருக்கிறது. கிழவர் கட்டிலில் கிடக்கிறார். ராஜா உடையில் நிற்கும் சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கல்லறைக் கல்லில் உள்ள இங்கிலீஷ் பாட்டையும் சரபோஜியே எழுதினார்.